ஃபுல் இன்சூரன்ஸுக்கு முன்னால் ஓர் அடி

காரின் இன்சூரன்ஸ் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது, வழக்கம்போல தேர்டு பார்ட்டியையே புதுப்பித்துவிடலாம் என்று நான் சொன்னபோது என் மனைவி தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

“முடியாதுங்க. இந்தத் தடவை ஃபுல் இன்சூரன்ஸ்.”

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். திங்கட்கிழமை முதல் ஊரின் மறுகோடியில் இருக்கும் கிளைக்கு அவள்தான் பொறுப்பாளர். விடியும்போது போய்க் கதவைத் திறக்க வேண்டும். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. காரை ஓட்டினால் புதுப் பதவி, இல்லையென்றால் பழைய நாற்காலி. லைசென்ஸ் வாங்கிவிட்டாள். ஆனால் என் பெருந்தன்மையின் காரணமாக இதுவரை அவள் ஓட்டியது தெருமுனை வரைக்கும்தான்.

“நாம யாரையாவது இடிச்சா, அவங்க நஷ்டத்தை தேர்டு பார்ட்டி பார்த்துக்கும். அது போதாதா? ஃபுல்லுல திருட்டுக்கும் பணம் வரும்தான். ஆனா இந்த வண்டியைத் திருடணும்னா, திருடன் பக்கத்துல நான் உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணக் கத்துக்கொடுக்கணும்.”

“அவங்க வண்டிக்கு ஆனா சரி. நம்ம வண்டிக்கு ஆனா?”

“ஏன் ஆகப்போகுது? இத்தனை வருஷம் ஓட்டுறேன், ஒரு கீறல் உண்டா?”

“இனிமே ஓட்டப்போறது நான். கண்டிப்பா எங்கயாவது இடிப்பேன்.”

சாயங்காலம் மழை வரும் என்பதுபோலச் சொன்னாள். பிறகுதான் கத்தியைக் கீழே வைத்தாள்.

“எங்க லேப்ல புதுசா வர்றவங்க கண்ணாடிக் குழாயை உடைப்பாங்கன்னு தெரிஞ்சுதான் கூடுதலா வாங்கி வைக்கிறோம். உடைச்சதுக்காக யாரையும் வீட்டுக்கு அனுப்பறதில்லை. தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தா, முதல் கீறல்லயே செலவு நம்ம தலையில விழும். நீங்க ஒரு வார்த்தை திட்டமாட்டீங்க. சாவியை எடுத்து சட்டைப்பையில போட்டுக்குவீங்க, அவ்வளவுதான். ஃபுல்லா எடுத்தா, வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போயிட்டுத் திரும்ப என்கிட்டயே வரும்.”

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். சாவி அங்கேதான் இருந்தது.

தேர்டு பார்ட்டியிலிருந்து ஃபுல்லுக்கு மாறினால், கம்பெனி ஆள் நேரில் வந்து வண்டியைச் சுற்றிப் படம் எடுப்பார். ஏற்கனவே இருக்கும் அடிகளுக்காகப் பின்னாளில் பணம் கேட்க முடியாது. சனிக்கிழமை காலையில் வந்தவர், சுவருக்கும் காருக்கும் நடுவில் ஒருமுறை ஒருக்களித்து நுழைந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

“கொஞ்சம் ரோட்டுக்கு எடுங்க சார்.”

அவள் கையை நீட்டினாள். வேறு வழியில்லாமல் சாவியைக் கொடுத்தேன். ஆனாலும் பொறுப்புள்ள கணவன் என்ற முறையில் வழிகாட்டுவதற்காகப் பின்னால் போய் நின்றேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். தெருவில் பாதிப் பேர் என் தயவில்தான் எதிரே வருபவரை அடையாளம் கண்டுகொள்கிறார்கள். அன்று பாலிசியின் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்ததால், படிக்கிற கண்ணாடி மூக்கிலேயே தங்கிவிட்டது. அதை மாட்டினால் கைக்கு எட்டாததெல்லாம் வெறும் புகை. ‘இதைப் போட்டுக்கிட்டு நடக்காதீங்க’ என்று தினமும் நாலு பேருக்குச் சொல்கிறேன்.

“வா... இடம் நிறைய இருக்கு... வா...”

“கேட் தூண் இருக்குங்க.”

“எனக்குத் தெரியாதா? வா, வா.”

வந்தாள். தூண் அங்கேயே இருந்தது. பின் பம்பரின் இடது மூலை வாய் கோணிக்கொண்டது.

படமெடுக்க வந்தவர் மரியாதையாக வானத்தைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். “பழைய பாலிசியில உங்க வண்டிக்குக் கிடையாது சார். புதுசு இன்னும் ஆரம்பிக்கலை. தூண் பக்கத்து வீட்டோடதா இருந்தா, தூணுக்காவது கிடைச்சிருக்கும்.”

“நீங்க கொஞ்சம் வலது பக்கமா நின்னு எடுத்தீங்கன்னா...” என்று ஆரம்பித்தேன்.

அவள் இறங்கி வந்து மூலையைக் குனிந்து பார்த்தாள். “கிட்டப் போயே எடுங்கண்ணே. இருக்கறதை இருக்குன்னு எழுதறதுதான் எங்க வேலையும்.”

கோணிய இடத்தை விரலால் ஒருமுறை தடவினாள். எனக்கே பாவமாகிவிட்டது. “வேணும்னா இன்னைக்கு இதோட நிறுத்திக்கலாமா?” என்றேன்.

“நான் எதையும் நிறுத்தலை. வா வான்னு கூப்பிடறதை நீங்க நிறுத்துங்க. கண்ணாடியைக் கழட்டிட்டுத் தள்ளி நில்லுங்க.”

தள்ளி நின்றேன். அவள் வண்டியை முன்னால் எடுத்து, நேராக்கி, வண்டியின் கண்ணாடிகளில் ஒரு பக்கம், மறுபக்கம் என்று பார்த்துப் பார்த்து, தூணுக்குத் தாராளமாக இடம் விட்டு ரோட்டில் கொண்டுபோய் நிறுத்தினாள். கம்பெனி ஆள் நாலு பக்கமும் படம் எடுத்தார். கோணல் வாய்க்குத் தனியாக ஒரு படம்.

திங்கட்கிழமை அவள் கிளம்பும்போது இன்னும் சரியாக வெளுக்கவில்லை. புது பாலிசி அமலுக்கு வந்துவிட்டது. பம்பரை மட்டும் எங்கள் செலவில் நிமிர்த்த வேண்டும். அதற்கு அவசரமில்லை என்று சொல்லிவிட்டாள். நான் தூரப் பார்வைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்து பிடித்தேன். வாயைத் திறக்கவில்லை. தூணைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்த்தாளா, தூணைப் பார்த்தாளா, தெரியாது.

தெருமுனையில் வலது பக்க விளக்கு மின்னியது. அவள் போக வேண்டியது இடது பக்கம். கத்துவதற்கு மூச்சை இழுத்தேன். அப்படியே வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் வலது அணைந்து இடது மின்னியது. வண்டி இடது பக்கம் திரும்பியது.