ஜிஞ்சர் பியருக்கு ஒரு பெயர்

1.

இந்தக் கதைக்கு மூலகாரணம் ஒரு கட்டு வெற்று லேபல். கதை எங்கிருந்து வருகிறது என்று கூட்டங்களில் யாராவது கேட்டால், நானும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆழ்மனம், அலைவு, மௌனம் என்று எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். இது அங்கிருந்தெல்லாம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, வோபர்னில் நான் இருக்கும் கட்டடத்தின் பஸ்ஸரை அழுத்தி, லிஃப்டில் ஏறி, வாகீசனின் கையில் வந்தது.

வாகீசனுக்கு லிஃப்ட் திருத்துகிற வேலை. எங்கள் லிஃப்டுக்குள் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டபோது வெளியே எடுத்துவிட்டவன் அவன்தான். அன்று தொடங்கிய பழக்கம். வீடு பக்கத்து ஊர் அஜக்ஸில். அவனுடைய கராஜில் கார் நிறுத்த இடமில்லை, ஏனென்றால் அங்கே பியர் காய்ச்சுகிறான். விற்பதற்காக அல்ல, ஒரு பைத்தியம். மற்ற ஆண்கள் கிரிக்கெட் பார்க்கிற நேரத்தில் இவன் வாளிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, மூடியில் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பான்.

"அக்கா, நீங்கள் எழுதுற ஆள்தானே. இதுக்கு ஒரு பேர் வேணும்."

"எதுக்கு?"

"ஜிஞ்சர் பியருக்கு."

"அதுக்குத்தான் பேர் இருக்கே. ஜிஞ்சர் பியர்."

அவனுடைய முகம் சுருங்கிப்போனது. "அந்தப் பேராலதான் அக்கா எல்லாம் வந்தது" என்றான்.

ஒழுங்கான எழுத்தாளர் அவனுக்கு ஒரு பெயரைக் கொடுத்து, தேநீரும் கொடுத்து அனுப்பியிருப்பார். நான் என்ன நடந்தது என்று கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் எழுதவும் தொடங்கினேன்.

2.

முதல் தொடக்கம்:

அஜக்ஸில் ஒரு கராஜ். சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அங்கே கசிப்பு—

இந்த இடத்தில் வாகீசன் கதிரையிலிருந்து எழுந்துவிட்டான்.

"கசிப்பு எண்டு போடாதேங்கோ! ஊரில களவா வடிக்கிற சாராயம் அது. நான் செய்யிறது பியர். வீட்டுப் பாவனைக்குக் காய்ச்சலாம். சாராயம் வடிக்கத்தான் ஏலாது, அதுக்கு லைசன்ஸ் வேணும். நான் எல்லாம் வாசிச்சுத்தான் வைச்சிருக்கிறன்."

(வாசகருக்கு ஒரு குறிப்பு: வடிக்கிற ஆசையும் இவனுக்கு இருந்தது. சின்னச் செப்புப் பாத்திரம் ஒன்றை, வளைந்த குழாயோடு, ஒன்லைனில் வாங்கினான். பெட்டியைத் திறந்த பிறகுதான் சட்டத்தை வாசித்தான். சட்டத்தை விட அவன் மனைவி அனோஜா பார்த்த பார்வை கடுமையாக இருந்திருக்கிறது. அன்றிலிருந்து அந்தப் பாத்திரத்தில் ஓமத் தண்ணீர் மட்டும் வடிகிறது. அஜக்ஸில் வயிறு ஊதி அழுகிற தமிழ்க் குழந்தைகள் எல்லோருக்கும் இவன்தான் சப்ளை.)

இரண்டாவது தொடக்கம்:

அன்புராசா ஒரு குடிகாரர்.

அடித்துவிட்டேன்.

அன்புராசா ஒரு காலத்தில் குடிகாரராக இருந்தவர்.

இதையும் அடித்துவிட்டேன். ஒரு மனிதரைக் கதைக்குள் கூட்டிவரும்போதே குடி அவருக்கு முன்னால் நடந்து வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து புலம்பெயர்ந்து வந்தவர், வருடக்கணக்காகப் பேக்கரியில் வேலை செய்தவர், தங்கச்சி அனோஜாவை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டுக் கலியாணமும் கட்டிக்கொடுத்தவர் என்றெல்லாம் தொடங்கலாம். ஆனால் இந்தக் கதையில் அவருக்கு என்ன பறிபோகலாம் என்று சொல்ல வேண்டுமானால் குடியைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆகவே மூன்றாவது தொடக்கம். அது ஒரு மூக்கிலிருந்து தொடங்குகிறது.

3.

அன்புராசாவின் மகள் யதுஷா பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டாள். அப்பா வேலையால் வந்ததும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பாள். பார்த்தவர்கள் எல்லாம் என்ன பாசம் என்று உருகினார்கள். அவளோ அப்பாவின் சேட்டுக் கழுத்தில் முகத்தை வைத்து மணந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாசனை இல்லாத நாளில் பிடி இறுகும். இருக்கிற நாளில் கையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள்.

பிறகு அவர் குடியை நிறுத்தினார். சில வருடங்களாகிவிட்டன. மகளின் மூக்கு மட்டும் நிறுத்தவில்லை. கலியாணம் முடித்து அடுத்த ஊரான பிக்கரிங்குக்குக் குடிபோன பிறகும், வாசலில் அப்பாவைக் கண்டால் முதலில் அந்தக் கட்டிப்பிடித்தல்தான். அவரும் கையை விரித்துக்கொண்டு நிற்பார்.

இந்த வருடம் யதுஷா தன் ஒரு வயது மகளை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டும். அவள் கேட்டாள்: "அப்பா, பிள்ளையைப் பகலில நீங்கள் பாப்பீங்களோ?"

இதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. இருவரும் அதை வாயால் சொல்லவில்லை. அன்புராசா அடுத்த நாளே கடைக்குப் போய்க் குழந்தைக்கு ஒரு சின்னக் கதிரை வாங்கி, மகள் வீட்டில் கொண்டுபோய் வைத்தார் என்று வாகீசன் சொன்னான். இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. எழுத்தாளர் கலங்கக்கூடாது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

4.

இப்போது குழந்தையின் முதல் பிறந்தநாள். வாகீசன் வீட்டுப் பின்வளவு. இடியப்பம், கோழிக்கறி, பலூன், நல்ல வெயில்.

வாகீசன் அதற்கு முன்னர் ஒரு புதுச் சரக்குப் போட்டிருந்தான். இஞ்சி, சீனி, புளிப்புக்குத் தேசிக்காய், ஈஸ்ட். நன்றாகப் புளிக்கவிட்டு, போத்தலில் அடைத்து, போதை பியர் அளவுக்கு ஏறியதும் ஒட்டுநாடாவில் தமிழில் அழகாக எழுதி ஒட்டினான்: ஜிஞ்சர் பியர். எழுதும்போது அவன் மனசு முழுக்க இரண்டாவது சொல்லில் இருந்தது.

ஆனால் இலங்கையில் பிறந்த எவருக்கும் ஜிஞ்சர் பியர் என்பது சோடா. விருந்தாளி வந்தால் கடைக்கு ஓடிப்போய் வாங்கிவருகிற சோடா. அதற்குள் பியர் என்று ஒரு சொல் இருப்பது எங்கள் காதில் விழுவதே இல்லை. அனோஜாவுக்கும் விழவில்லை. கராஜ் ஃப்ரிட்ஜைத் திறந்தாள், வாசித்தாள், "இந்த மனிசன் கடைசியில ஒரு பிரயோசனமான வேலை செய்திருக்குது" என்று எல்லாப் போத்தல்களையும் தூக்கிப் பெரியவர்களின் சோடா மேசையில் வைத்துவிட்டாள்.

விருந்துக்கு வந்திருந்த பாலேஸ்வரி அன்ரி இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு, வயிற்றுக்கு நல்ல சுகமாக இருக்கிறது என்று மூன்றாவதுக்குக் கையை நீட்டினா. அவ பாட்டுப் பாடத் தொடங்கியபோதுதான் அடுப்பில் கோழி வாட்டிக்கொண்டிருந்த வாகீசன் திரும்பிப் பார்த்தான். பார்த்தபோது அன்புராசாவின் கையிலும் ஒரு கிளாஸ் இருந்தது.

அதன் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. வாகீசனுக்கும் சரியாகத் தெரியாது, புகை. அதனால் இரண்டு விதமாக எழுதி வைத்தேன்.

ஒன்று: முதல் வாயிலேயே தெரிந்துகொண்டார். எழுந்து போய், வேலியோரம் சட்டியில் நின்ற கறிவேப்பிலைக்குக் கிளாஸைக் கவிழ்த்தார். வீரம்.

இரண்டு: தெரிந்துகொண்டார். முழுவதையும் குடித்தார். வீழ்ச்சி.

இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்று பிரசங்கம், மற்றது மெகா தொடர். நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான்: அன்று அவர் மகளிடம் சொல்லிக்கொள்ளாமல், பக்கத்துப் படலையால் வெளியேறிப் போய்விட்டார். வாசலில் கட்டிப்பிடித்தல் நடக்கவில்லை. பிறகு வாகீசனின் போனை எடுக்கவில்லை. பிள்ளையைப் பார்க்கிற கதையை யதுஷா எடுத்தால் முதுகு நோகிறது என்று சொல்லிவிட்டார். அவள் டேகெயார்களுக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தாள். வாகீசன் வாளியையும் குழாயையும் விற்றுவிடுவோமா என்று யோசித்து, விற்க மனமில்லாமல், ஈஸ்ட் போடாத ஜிஞ்சர் பியர் ஒன்று செய்திருந்தான். இஞ்சியை அவித்து வடித்து, காஸ் ஏற்றியது. அதற்குத்தான் பெயர் கேட்டு வந்தான்.

(கதையை இங்கேயே நிறுத்தியிருந்தால் ஒரு சிறுபத்திரிகை இதைப் போட்டிருக்கும்.)

5.

சில நாள் கழித்துப் பஸ்ஸர் மறுபடியும் அடித்தது. இந்த முறை வந்தவர் அன்புராசா. இஸ்திரி போட்ட சேட், காலில் பளபளவென்று சப்பாத்து. நான் எழுதி வைத்த ஆளை விட உயரம். உயரத்தைப் பிறகு திருத்தினேன்.

"தங்கச்சி, என்னைப் பற்றி எழுதுறீங்களாம். வாகீசன் போனில மெசேச் விட்டிருக்கிறான். பேரை மாத்தித்தான் எழுதுவீங்கள், பயப்பிட வேண்டாம் எண்டு."

பேரை நான் மாற்றியிருக்கவில்லை. இப்போது மாற்றிவிட்டேன். அன்புராசா என்பது அவரே தெரிவு செய்த பெயர்.

சமையலறை மேசையில் உட்கார்ந்து இரண்டு விதத்தையும் வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார்.

"ரெண்டும் பிழை" என்றார். "அரைக் கிளாஸ் தெரியாமல் குடிச்சன். பிறகு தெரிஞ்சுது. நாக்கு பழைய ஆளை மறக்கேல்ல. தெரிஞ்ச பிறகு இன்னும் ஒரு வாய் குடிச்சன். அதுக்குப் பிறகுதான் கறிவேப்பிலை."

நான் தாள்களை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"அந்த அரைக் கிளாஸ் வாகீசன்ர பிழை. அதை ஆரும் மன்னிப்பினம். அந்த ஒரு வாய் என்ரது. அதைத்தான் யதுஷாவுக்குச் சொல்ல ஏலாமல் கிடக்குது. சொன்னா என்ர பேத்தியை என்னட்டத் தருவாளோ? சொல்லாமல் விட்டா, அவள் தாற பிள்ளையை நான் எந்தக் கையால வாங்கிறது?"

ஒரு பாத்திரம் எழுத்தாளரைத் திருத்துவதை நான் விளையாட்டாக எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். உண்மையில் நடந்தது இதுதான் முதல் தரம். தேநீர் போட எழுந்தேன்.

"நீங்கள் எழுதுற ஆள்தானே" என்றார் அவரும். எல்லோருக்கும் இதே பேச்சு. "நான் அவளுக்குச் சொல்லப் போறன். முதல் வசனத்தை மட்டும் எழுதித் தாங்கோ. மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

எழுதினேன்: மகளே, மனித மனம் என்பது—

"உது ஆர் கதைக்கிறது?" என்றார். "நான் உப்பிடிக் கதைச்சா அவள் ரெண்டு தரம் மணந்து பாப்பாள்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரிப்பு முடிந்தபோது வாகீசன் மேசையில் விட்டுப்போன லேபல் கட்டை இழுத்து, ஒன்றை உரித்து, என்னுடைய பேனையால் எழுதினார்: மணந்து பார்.

"வாகீசன்ர போத்தலுக்கு இதைப் போடச் சொல்லுங்கோ."

6.

ஒரு சிறு தமிழ்ப் பாடம். அவசரக்காரர் தாண்டிப் போகலாம். மணந்து பார் என்றால் மோந்து பார் என்று எங்கள் ஆட்களுக்கு விளங்கும். வேறு ஊர்த் தமிழர் இந்த லேபலைக் கண்டால் கலியாணம் செய்து பார் என்று விளங்கிக்கொள்ளக் கூடும். நான் இதைச் சொன்னேன். "அதுவும் கொஞ்சம் ஆபத்தான சாமான்தானே தங்கச்சி" என்றார் அன்புராசா. ஒரு பெயரால் வந்த குழப்பத்துக்கு இன்னொரு குழப்பமான பெயர். ஆனால் இந்தப் பெயர் குடிக்க முதலே ஆளை எச்சரிக்கிறது. நான் எத்தனை நாள் மண்டையை உடைத்திருந்தாலும் இது எனக்கு வந்திருக்காது.

வாகீசனுக்குப் போன் போட்டேன். குளிர்ப்பெட்டியோடு ஓடிவந்தான். வாசலில் அத்தானைக் கண்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு போத்தலை நீட்டினான்.

"அத்தான், மணந்து பாருங்கோ. ஈஸ்ட் இல்லை. சத்தியமா இல்லை."

லேபல் விஷயம் அவனுக்கு இன்னும் தெரியாது. அன்புராசா என்னைப் பார்த்தார். பிறகு மூடியைத் திறந்து, கண்ணை மூடி, மணந்து பார்த்தார். எவ்வளவோ நேரம் எடுத்தார். ஒரு மிடறு குடித்தார்.

"இஞ்சி காணாது" என்றார்.

வாகீசன் அழுதான். அதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அதனால் ஒரு வரியில் விட்டுவிடுகிறேன்.

புது லேபல் ஒட்டிய ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு அன்புராசா புறப்பட்டார். பிக்கரிங்குக்குக் காரில் கொண்டுபோய் விடுவதாக வாகீசன் சொன்னான். "வேண்டாம். நீ வந்தா நான் வாய் திறக்க முதல் நீ பழியைத் தலையில போட்டுக்கொள்ளுவாய். நான் ரெயினில போறன்."

7.

இங்கே எனக்கு ஒரு முடிவு வேண்டும். இரண்டு எழுதினேன்.

ஒன்று: யதுஷா கதவைத் திறந்து, கேட்டு, அழுது, அப்பாவை மன்னித்து, குழந்தையைக் கையில் கொடுக்கிறாள்.

இரண்டு: கதவு திறக்கிறது, அவள் அவருடைய கழுத்தில் மூக்கை வைக்கிறாள், அவர்—

போன் அடித்தது. யதுஷா.

"அன்ரி, அப்பா இங்க நிக்கிறார். நீங்கள் ஸ்டோரி எழுதுறீங்களாம். சீரியஸ்லி?"

"ஓம் பிள்ளை. சொல்லிட்டாரோ?"

"ம். நான் கதவைத் திறந்து கட்டிப்பிடிக்கப் போனன். ஹி ஸ்டொப்ட் மீ. கையை நீட்டி மறிச்சுப்போட்டார். முதல் சொல்லுறன், பிறகு நீ முடிவெடு எண்டு வாசல்லயே நிண்டு சொன்னார். ஒரு வாய் எண்டார். அந்த ஒரு வாயை ரெண்டு தரம் சொன்னார்." அவளுடைய குரல் கொஞ்சம் தளும்பியது. "லைஃப்ல முதல் தரம் அன்ரி, நான் மணந்து பாக்காமல் எனக்குத் தெரிஞ்சுது."

"பிறகு? கட்டிப்பிடிச்சியோ?"

"அது உங்கட கதைக்கில்லை."

"பிள்ளையை அவரிட்ட விடுவியோ?"

"நான் இன்னும் டிசைட் பண்ணேல்ல. நீங்களும் பண்ணாதேங்கோ. ஓகே?"

ஓகே என்றேன். எழுதி வைத்த இரண்டு முடிவுகளையும் அப்போதே கிழித்தேன். வாசகர் விரும்பினால் ஒன்று எழுதிக்கொள்ளலாம், ஆனால் யதுஷாவிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அவள் போனை மேசையில் வைத்தாளே தவிர, நிறுத்த மறந்துவிட்டாள். எனக்கு ஒரு சின்னக் கதிரை தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது. போத்தல் மூடி "உஸ்" என்று திறந்தது. குழந்தை கையைத் தட்டியது. அன்புராசாவின் குரல் கேட்டது:

"பொறு செல்லம், பொறு. முதல் அம்மா மணந்து பாக்கட்டும்."

நான் போனை வைத்துவிட்டேன். இதற்கு மேல் இருந்தால் அதற்குப் பெயர் ஒட்டுக்கேட்டல்.