வெள்ளைத்தாயின் இருமல்

வெள்ளைத்தாய் செத்த எட்டாம் நாளிலிருந்து அவளுடைய இருமல் மட்டும் வேலைக்கு வந்தது. 2009, ஐப்பசி அடைமழை. கோவில்பட்டிக்கு மேற்கே ஒரு தீப்பெட்டி ஆபீஸில், மூன்றாவது வரிசையில் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில், காலை எட்டரைக்கு அது கேட்கும். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அந்த வருடம் பரவிய பன்றிக் காய்ச்சலில் விழுந்தபோது அவள் அப்படித்தான் இருமினாள். பக்கத்தில் பெட்டி அடைத்துக்கொண்டிருந்த மகள் முத்துச்செல்வி கையை நிறுத்தவில்லை. முதலாளி வந்தார், கேட்டார், குச்சி நமத்துவிடும், ஜன்னலைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அடைத்த கொட்டகைக்குள் இருமல் வரிசை வரிசையாக நடந்து நாற்பது பெண்களின் முகத்தருகேயும் நின்றது. மாலையில் தன் இடத்துக்குத் திரும்பியது.

சுகாதார ஆய்வாளர் டெனிஸ் முகக்கவசம் கொடுக்க வந்தபோது அதைக் கேட்டார். அந்த மாதம்தான் மாவட்டத்திலிருந்து அவருக்கு ஒரு தாள் வந்திருந்தது. இதுபோல மூச்சில் பரவும் நோய் மறுபடி வந்தால் எதை முதலில் ஆராய்ந்து வைத்திருக்க வேண்டும் என்று இருபத்து மூன்று கேள்விகள். களத்தில் இருப்பவர்கள் வரிசைப்படுத்த வேண்டும். சோப்பு, கவசம், பள்ளி விடுமுறை எல்லாம் மேலே இருந்தன. ஜன்னல் பற்றிய கேள்வி பத்தொன்பதாவது. டெனிஸ் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு ஒரு ஜன்னலைத் திறந்தார். இருமல் இரண்டு வரிசையைத் தாண்டவில்லை. எல்லாவற்றையும் திறந்தார். நாலு நிமிடத்தில் அது வெளியேறியது. மறுநாள் பத்து மணிக்குத்தான் வந்தது, மெலிந்து.

முத்துச்செல்வி எழுந்து போய், டெனிஸ் பார்த்திருக்கவே ஜன்னல்களைச் சாத்தினாள்.

"எங்கம்மை குரலு இது ஒண்ணுதான் சார் மிச்சம். அதையும் காத்துல விடச் சொல்லுதீயளே."

"அடைச்சு வச்சா மத்தவியளுக்கும் காய்ச்சல் வந்துரும் தாயி."

"எங்கம்மை யாருக்கும் கெடுதல் செய்ய மாட்டா."

"அம்மை செய்யலை. அவிய நடந்து காட்டுதாவ, காய்ச்சல் எந்த வழியா போவுதுன்னு."

அவள் கொக்கிகளை மாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். அந்த வாரம் நான்காம் வரிசையில் ஆறு மாதக் கர்ப்பிணியான ராமலட்சுமிக்கு மூச்சு முட்டியது. ஆட்டோவில் ஏற்றும்போது அவள் முத்துச்செல்வியின் கையைப் பிடித்தபடி இருமினாள். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. பிழைத்துக்கொண்டாள், ஆனால் முத்துச்செல்வி அன்றே கொட்டகைக்குத் திரும்பி, முதலாளியிடம் கேட்காமல் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தாள். இருமல் போய்விடாதிருக்கக் கடைசி ஜன்னலை மட்டும் விட்டுவைத்தாள். "எம்மா, வா, போவோம்" என்றாள்.

கேள்விகளை வரிசைப்படுத்தும் தூத்துக்குடிக் கூட்டத்துக்கு மூவரும் மழைக்கு ஷட்டர் இறக்கிய பஸ்ஸில் போனார்கள். கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்தார். கூட்ட அறை குளிரூட்டப்பட்டது, ஜன்னலே கிடையாது. ஜன்னல் கேள்விதான் முதலில் வர வேண்டும் என்று டெனிஸ் எழுதிவந்ததை வாசிக்கத் தொடங்கியபோது, சான்று எங்கே என்று தலைமை டாக்டர் கேட்டார். இருமல் மேசையைச் சுற்றி நடந்தது. பதினோரு அதிகாரிகளின் காதருகேயும் நின்றது. தலைமை டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, மற்றொரு கையால் பத்தொன்பதை அடித்து ஒன்று என்று எழுதினார்.

ஆராய்ச்சி நடந்தது. பஞ்சாலைகளிலும் பள்ளிகளிலும் மூன்று வருடம் காற்றை அளந்தார்கள். இருமல் அந்தக் கூட்ட அறையிலேயே தங்கிவிட்டது. அது இருமும்போது அதிகாரிகள் பேச்சை நிறுத்தி, முடிந்ததும் தொடர்ந்தார்கள். முத்துச்செல்வி சனிக்கிழமைகளில் வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனாள்.

2013 மாசியில் அந்த அறைக்கும் ஜன்னல் வைத்தார்கள். டெனிஸ் அவளுக்குச் சொல்லி அனுப்பினார். அவள் வந்து, சுவரில் வெகுநேரம் காதை வைத்திருந்துவிட்டு, கொக்கியைத் தானே எடுத்தாள். அன்று மத்தியானம் விளாத்திகுளம் பக்கம் கரிசலில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் தலைக்கு மேல் ஓர் இருமல் போவதைக் கேட்டார்கள். "யாரோ ஒரு பொம்பள போறாவ" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் நிமிர்ந்து வழிவிட்டு, மறுபடி குனிந்தார்கள்.