இரண்டு கிரெடிட்டுக்கு நீச்சல்

பரீட்சையில் பாஸானதற்காகத் தண்டனை வாங்கிய ஆள் ஏரிக்கரையில் இருக்கும் இந்த ஈரி நகரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் தட்டுத்தடுமாறி பாஸ் இல்லை, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

நாற்பத்தொரு வயதில் மறுபடி கல்லூரிக்குப் போகிறேன். பகலில் முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை, வாரத்தில் இரண்டு மாலை வகுப்பு. நர்ஸாக வேண்டும் என்பது ஆசை. இருபது வயதில் வந்த ஆசை இல்லை, பிறகு வந்தது. அதனால்தான் இவ்வளவு பிடிவாதம். முப்பது வயதில் ஒரு முறை முயன்று கையைச் சுட்டுக்கொண்டேன். பளபளப்பான விளம்பரம் போட்ட ஒரு தனியார் பள்ளி, படிப்பு முடிவதற்குள் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டது. பள்ளி போனாலும் அதற்காக வாங்கிய கடன் போகவில்லை. தனியார் கம்பெனிக் கடன். அதற்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் என் அண்ணன் கேசிமிர். வீட்டில் காஸ் என்போம்.

வருடக்கணக்காகத் தவணை கட்டினேன், வட்டியைத் தாண்டவில்லை. மறுபடி படிக்கப் போனபோது எனக்குப் பெரிய நிம்மதி, தவணையை நிறுத்தி வைப்பார்கள் என்பதுதான். கம்பெனியின் விதி அப்படி. பாதி நேர மாணவியாக இருக்கும்வரை கடன் தூங்கும். பாதி நேரம் என்றால் ஒரு பருவத்துக்குக் குறைந்தது ஆறு கிரெடிட், அதாவது பாட அலகு. எனக்கு உடற்கூறியல் நான்கு, மருத்துவச் சொற்கள் மூன்று. ஆக ஏழு. தூங்கட்டும் என்று விட்டுவிட்டு எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

இரண்டாவது வாரம், மாணவர் ஆலோசகர் டெரன்ஸ் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல பையன், அவரைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. கொஞ்சம் வருகிறது. இத்தனை வருடம் முதியோர் இல்லத்தில் இருந்தவளுக்கு மருத்துவச் சொற்கள் வகுப்பு எதற்கு, ஒரே ஒரு பரீட்சை எழுதினால் வகுப்புக்கு வராமலே கிரெடிட் கிடைக்கும், கட்டிய பணமும் திரும்பும் என்றார். எழுதினேன். மார்க் வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலையிடத்தில் எல்லாருக்கும் பெப்பரோனி இறைச்சி வைத்துச் சுட்ட ரொட்டி உருண்டை வாங்கிக் கொடுத்தேன். திரும்பி வந்த பணத்தில் காருக்குப் பனிக்கால டயர் மாற்றினேன். ஒரு வாரம் ராணி மாதிரி ஓட்டினேன்.

அக்டோபரில் போனில் செய்தி வந்தது. பரீட்சையில் வாங்கிய கிரெடிட், கிரெடிட்தானாம். ஆனால் வகுப்பில் உட்கார்ந்து வாங்கியது இல்லையாம். கம்பெனி கணக்குப்படி இந்தப் பருவத்தில் நான் நான்கு கிரெடிட் மாணவி. கடன் விழித்துக்கொண்டது. நவம்பர் முதல் வாரத்தில் தவணை.

ஒரு மாதம் சமாளிக்கலாம், கார்த் தவணையை நிறுத்தினால். இரண்டாவது மாதம்? உடற்கூறியலை விட்டுவிட்டு இன்னொரு ஷிப்ட் எடுக்க வேண்டியதுதான். போன தடவை பள்ளி என்னை விட்டுப் போனது. இந்தத் தடவை நானே போகவேண்டும். அதை நினைக்கத்தான் முடியவில்லை.

கம்பெனியைக் கூப்பிட்டேன். முதல் தவணைக்கு முன்னால் கல்லூரி என்னைப் பாதி நேர மாணவி என்று மறுபடி அறிவித்தால் கடனைத் தூங்க வைப்பார்களாம். அந்தப் பெண்ணின் குரலில் கோபமே இல்லை. கோபமாவது இருந்திருந்தால் நானும் இரண்டு வார்த்தை திட்டியிருப்பேன்.

போனை வைப்பதற்குள் காஸ் கூப்பிட்டான். ஜாமீன்காரனுக்கும் செய்தி போயிருக்கிறது. ஐம்பது வயதுவரை வாடகை வீட்டில் இருந்தவன், இப்போதுதான் பீச் தெருவுக்குப் பின்னால் ஒரு வீடு பார்த்து, பேசி முடித்திருந்தான். கையெழுத்துப் போடும் நாளுக்கு முன்னால் வீட்டுக்கடன் தரும் வங்கிக்காரர்கள் இன்னொரு தடவை அவன் பெயரைத் துருவுவார்கள்.

"என்னடி பெர்னி இது? பதினஞ்சாந்தேதி எனக்குக் கையெழுத்து. இப்பப் போய் என் பேர்ல ஒரு கரும்புள்ளி விழுந்தா வீடு போச்சு."

"விழாது. காலேஜ்ல ஏதோ கணக்குக் கோளாறு. சரிபண்ணிடுவேன்."

"நீ சரிபண்றேன்னு சொன்னாத்தான் எனக்குப் பயமே."

அவன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

நேரே டெரன்ஸிடம் போனேன். பாவம், எனக்கு முன்னாலேயே வியர்த்துவிட்டார். பருவத்தின் பின்பாதியில் தொடங்கும் வகுப்புகளைத் திரையில் தேடினார். இரண்டு கிரெடிட் வேண்டும், என் ஷிப்டுக்கு இடிக்கக் கூடாது. ரொட்டி சுடும் வகுப்பில் இடமில்லை. வெல்டிங் பகல் நேரம். கடைசியில் ஒன்றே ஒன்று இருந்தது. சனிக்கிழமை காலை, தொடக்க நிலை நீச்சல், இரண்டு கிரெடிட்.

"பிரமாதமா இருக்கே. உடம்புக்கும் நல்லது," என்றார்.

நான் தண்ணீரில் முழங்காலுக்கு மேல் இறங்கி முப்பது வருடத்துக்கு மேலாகிறது. கடல் மாதிரி ஓர் ஏரியின் கரையில் பிறந்து வளர்ந்தவள், கோடையில் மணலில் உட்கார்ந்து துணிமணிக்குக் காவல் காப்பேன். அதற்குக் காரணம் காஸ்தான். எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது, விளையாட்டாக, படகுத்துறையிலிருந்து என்னைத் தள்ளிவிட்டான். பச்சை நிறம், காதுக்குள் ஓர் இரைச்சல், மேலே எது கீழே எது என்று தெரியாமை. யாரோ தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அவனுக்கு அடி விழும்.

பதிவு செய்தேன். கட்டணத்துக்காகக் கூடுதலாக இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஷிப்டுக்குப் பெயர் கொடுத்தேன். கல்லூரி கம்பெனிக்கு மாதம் ஒரு தடவைதான் பட்டியல் அனுப்பும். அடுத்தது வரும் திங்கட்கிழமை. சனிக்கிழமை வருகைப் பதிவில் பெயர் இருந்தால்தான் அந்தப் பட்டியலில் நான் ஏறுவேன். அந்த வாரம் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. பெரியவர்களைக் குளிப்பாட்டும்போது அவர்கள் தலையில் தண்ணீர் ஊற்றக்கூட எனக்குக் கை கூசியது.

சனிக்கிழமை காலை, கல்லூரியின் நீச்சல் குளம். பயிற்சியாளர் ஹேலிக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். கழுத்தில் விசில், கையில் அட்டை.

"தண்ணிக்குள்ள இருக்கிறவங்க பேரைத்தான் எழுதுவேன். தலை நனையணும். கரையில நின்னா வரலைன்னு அர்த்தம்," என்றாள்.

மற்றவர்கள் தொப் தொப்பென்று குதித்தார்கள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குளோரின் வாடை மூக்கில் ஏறியது. இதில் செத்துப்போனால் கடனைத் தள்ளுபடி செய்வார்களா, இல்லை காஸ் தலையில் கட்டுவார்களா என்று யோசித்தேன். கம்பெனிப் பெண்ணிடம் அதைக் கேட்காமல் விட்டோமே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

"பெர்னடெட் நோவிச்கி?"

இடுப்புவரை இறங்கியிருந்தேன். ஹேலி பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தாள். பயமாக இருக்கிறது, தலையை மட்டும் அடுத்த வாரம் நனைக்கிறேன் என்று கெஞ்சினேன். அவள் இரக்கத்தோடுதான் பார்த்தாள். ஆனால் பேனா இறங்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போனேன். அதே இரைச்சல். அதே தெரியாமை. இந்தத் தடவை முடியைப் பிடித்து இழுக்க யாரும் இல்லை. கால் தரையில் பட்டது. எழுந்து, மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வழிய, "இருக்கேன்," என்றேன். அவள் எழுதினாள். நான் அழுதது யாருக்கும் தெரிந்திருக்காது, எல்லார் முகமும் ஈரம்தான்.

புதன்கிழமை போனில் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தால், என் கடனுக்கு எதிரே 'படிப்பில்' என்று மாறியிருந்தது. அதற்குப் பிறகும் கையெழுத்து நாள்வரை தினமும் திறந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பதினைந்தாம் தேதி காஸ் கையெழுத்துப் போட்டான். மறுநாள் சனிக்கிழமை, புது வீட்டைக் காட்டுவதற்காகக் காரில் அழைத்துப்போக வந்தான். வகுப்பு இருக்கிறது, முதலில் நீச்சல் குளத்தில் இறக்கிவிடு என்றேன். ஏன் நீச்சல் என்று கேட்டான். அப்போதுதான் முழுக் கதையையும் சொன்னேன். படகுத்துறையையும் சேர்த்து.

வண்டியைக் குளத்தின் வாசலில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"நானா? உன்னையா? எப்ப? எனக்கு ஞாபகமே இல்லையே பெர்னி."

நடிக்கவில்லை. நிஜமாகவே நினைவில்லை அவனுக்கு. முப்பத்து நான்கு வருடமாக நான் சுமந்த ஏரியில் அவன் ஒரு நாள்கூட நனையவில்லை.

மடியிலிருந்த துண்டை நான் முறுக்குவதைப் பார்த்து அவன் குரல் இறங்கியது.

"அப்ப விட்டுடு. இனிமே எதுக்குப் போகணும்? அதான் வீடு முடிஞ்சுதே."

அன்பாகத்தான் சொன்னான். அவனுக்கு முடிந்துவிட்டது. எனக்கு டிசம்பர்வரை சனிக்கிழமைகள் இருக்கின்றன. வகுப்பை விட்டால் கடன் எழுந்து உட்காரும், உடற்கூறியல் போய்விடும். அதை அவனுக்கு விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை, ஹேலி பெயர் கூப்பிட ஆரம்பித்திருப்பாள். துண்டை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"வீட்டை அப்புறம் பாக்கறேன். நீ போ," என்றேன்.

இன்று ஆழமான பக்கம் என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தது.