அப்ரார் கடைக்கு வச்ச முதல் வரிசை

எல்லாரும் சௌக்கியமா? முட்டிவலி, சளியெல்லாம் தேவலையா? இங்க எங்க மர்கிலான் ஊர்ல, எங்க தெரு மஸ்தூரா கோர்ட்டுக்குப் போன கதையைச் சொல்றேன், கேளுங்க.

அவ வீட்டுக்காரர் தோஷ்மத், கொத்தனார். போன வசந்தத்துல பக்கவாதம் வந்து விழுந்துட்டார். ஆம்புலன்ஸ் பெரிய ரோட்டுலயே நின்னுபோச்சு. எங்க சந்து அந்த ரோட்டுல சேர்ற இடத்தை அடைச்சு அப்ரார் ரொட்டிக்கடை கட்டியிருக்கானே, எப்படி உள்ள வரும்? மிச்சமிருக்கிறது வாய்க்கால் ஓரம் ஒரு ஆள் நடக்கற இடம். போர்வையில போட்டுத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள வலது பக்கம் போச்சு, பேச்சும் போச்சு. இன்னொரு தடவை வந்தா உடனே கொண்டுவரணும்னு டாக்டர் சொன்னதுலேருந்து மஸ்தூராவுக்குத் தூக்கமே இல்ல. கடையை எடுக்கச் சொல்லி கேஸ் போட்டுட்டா.

விசாரணைக்கு அவரையும் சக்கர நாற்காலியில கூட்டிட்டுப் போனா. அங்க அப்ராரோட வக்கீல் ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். ரெண்டு வருஷம் முன்னாடி கடை கட்டுறப்போ எடுத்தது. ஹஷார்னு தெருவையே கூப்பிட்டிருந்தான் அப்ரார். ஆளுக்கொரு கை வேலை, கூலி கிடையாது, மத்தியானம் எல்லாருக்கும் பலாவ் சோறு. போட்டோவுல முதல் வரிசை செங்கல் வைக்கிறது தோஷ்மத்.

"உங்க வீட்டுக்காரரே கட்டிக் குடுத்துட்டு இப்ப கேஸா, அக்கா?"ன்னார் வக்கீல்.

"ஹஷாருக்குக் கூப்பிட்டா வரமாட்டேன்னு சொல்ற வழக்கம் நம்ம ஊர்ல இருக்கா தம்பி? நீங்க சொல்லுவீங்களா?"ன்னா மஸ்தூரா. அவரும் மர்கிலான்காரர்தானே, காகிதத்தைப் புரட்ட ஆரம்பிச்சுட்டார்.

ஜட்ஜம்மா போட்டோவைத் தோஷ்மத் கையில குடுத்து, கடை அங்க வர்றது உங்களுக்குச் சம்மதமா இருந்துச்சான்னு கேட்டாங்க. அவர் எங்க அதைக் கேட்டார்? ரெண்டு காலையும் அகட்டி ஊணிக்கிட்டு, வலது கையில சாந்துக் கரண்டியோட நிக்கிற தன்னையே பாத்துட்டிருந்தார். பாதி வாய் சிரிச்சுச்சு. ஆமா ஆமான்னு தலையை ஆட்டிக்கிட்டே இருந்தார்.

"அவர் அதுக்குத் தலையாட்டலம்மா"ன்னா மஸ்தூரா.

அதுக்குள்ள கோர்ட்ல எழுதுறவர் சம்மதம்னு எழுதி முடிச்சுட்டார். ரோட்டை அளந்துட்டு வரச் சொல்லி அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சாங்க. போட்டோவைத் திருப்பி வாங்கப் போனா தோஷ்மத் விடல. நகல்தானே, வச்சுக்கட்டும்னாங்க ஜட்ஜம்மா.

திரும்பி வந்தப்போ கடை பக்கத்துல நாற்காலி போகல. அப்ரார் மாவுக் கையைத் துடைச்சுக்கிட்டு வந்தான்.

"முன்னால பிடிங்கக்கா. நான் பின்னால பிடிக்கறேன்."

அவளும் பிடிச்சா. வாய்க்கால் ஓரமா ரெண்டு பேரும் பக்கவாட்டுல அடி அடியா நகர்ந்தாங்க. நாற்காலியில இருந்தவர் இடது கையை உசத்தி, போட்டோவைத் திருப்பித் திருப்பி அப்ராருக்குக் காட்டிக்கிட்டே வந்தார்.

உங்க பக்கமும் யாராவது இப்படி வழியை அடைச்சிருந்தா, நீங்க என்ன பண்ணீங்கன்னு ரெண்டு வரி எழுதுங்க. மஸ்தூராவுக்குப் படிச்சுக் காட்டறேன்.