வாழைக்கன்றுகளுக்கு அடியில்

வேலியைத் தாண்டும்போது முழங்காலை முள் கிழித்தது. பார்க்க நேரமில்லை. ஆன்டெனாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வனக்காவலன் ஓடினான். பின்னால் ரேஞ்சர் மேடம், மூச்சிரைக்க.

"மெதுவாப் போய்யா. செத்தது எங்க ஓடிடப் போகுது?"

"செத்துடுச்சுன்னு யார் சொன்னது மேடம்? பட்டை கழண்டு விழுந்திருக்கும்."

தான் சொன்னதை அவனே நம்பவில்லை. ஹெட்போனில் துடிப்பு படபடவென்று விழுந்துகொண்டிருந்தது. யானை நடமாடினால் அதன் கழுத்தில் மாட்டிய சிக்னல் பட்டை நிதானமாகக் கூப்பிடும். நெடுநேரம் அசையாமல் கிடந்தால் பதறும். கூட்டத்துக்கே தலைவி அது. மயக்க ஊசி போட்டு அது தள்ளாடி நின்றபோது பட்டையை மாட்டியவன் இவன்தான். சில நாளாக அதன் கூட்டம் ஆற்றோரம் போவதும் திரும்புவதுமாக அலைகிறது. குட்டிகள் மேயக்கூட இல்லை.

மக்காச்சோளக் காடு முடிந்த இடத்தில் சத்தம் கூடியது. அவன் கால்கள் தாமாக நின்றன. எதிரே தங்கை வீடு.

போன மாதம் அதே யானை உடைத்த சமையலறைச் சுவரை மறைத்துக் கட்டிய தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அன்று தங்கையும் அவள் மகளும் கட்டிலுக்கு அடியில் கிடந்தார்கள். குழந்தைக்கு இன்னும் பேச்சு திக்குகிறது. சோலார் வேலி போட்டுத் தருகிறோம் என்று அளந்துவிட்டுப் போன ஆபீஸ் ஆட்கள் அப்புறம் தலைகாட்டவில்லை.

"வாங்க மச்சான்," என்று எழுந்தான் தங்கை புருஷன். மண் தோண்டும் பொக்லைன் ஓட்டுகிறவன். "என்ன, ஆன்டெனாவோட? எங்க வீட்டு டிவியில படம் தெரியலைன்னு உங்ககிட்ட யார் சொன்னா?"

மேடம் சிரித்தாள். இவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மரத்தடியில் நின்ற பொக்லைனின் வாளி பளிச்சென்று இருந்தது. மாப்பிள்ளை அந்த வண்டியைக் கழுவி இவன் பார்த்ததே கிடையாது.

தங்கை டீ கொண்டுவந்து நீட்டினாள். இடது கையால். வலது கை முந்தானைக்குள் இருந்தது. சுவர் இடிந்த நாளிலிருந்தே அவள் அவனுக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. 'உன் யானை' என்றுதான் சொல்வாள். கோபம் இன்னும் ஆறவில்லை போல.

வீட்டுக்குப் பின்னால், சோளத்துக்கு நடுவில், புது மண்ணில் வாழைக்கன்றுகள். சோளக்காட்டுக்குள் யார் வாழை வைப்பார்கள்? ஆன்டெனாவைத் தாழ்த்தினான். மண்ணுக்கு அடியிலிருந்து அது அவன் காதுக்குள் பதறியது.

"என்னய்யா, கேக்குதா?"

ஹெட்போன் அவன் காதில் மட்டும். எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

இதே வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே அவன்தான் சொல்லியிருந்தான், பட்டையில் சாட்டிலைட் செத்துவிட்டது, இனி அது எங்கே போகிறதென்று ஆண்டவனுக்குத்தான் தெரியும் என்று. உள்ளே பழைய ரேடியோ ஒன்று உயிரோடு இருப்பதைச் சொல்லத் தோன்றவில்லை. அவன் அன்று சொன்னதை நம்பித்தான் யானையைப் பட்டையோடு புதைத்திருக்கிறார்கள். இப்போது 'கேக்கல மேடம்' என்று ஒரு வார்த்தை போதும். ஒரு நாள் பேட்டரி தீரும். மண் வாயை மூடிக்கொள்ளும். குழந்தைக்கு அப்பன் இருப்பான்.

ஆற்றுப் பக்கமிருந்து ஒரு பிளிறல். பதிலுக்குக் காத்திருப்பதுபோல் இடைவெளி விட்டு, இன்னொன்று.

அவன் ஹெட்போனைக் கழற்றி மேடத்தின் கையில் கொடுத்தான்.

மாப்பிள்ளை மறுக்கவே இல்லை. ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். "நான்தான் மேடம். லைன்ல கொக்கி போட்டது, வேலிக்குக் கரண்ட் விட்டது, புதைச்சது, எல்லாம் நான்தான். வீட்ல இருக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

ஜீப் நிற்கும் பாதைக்கு மேடத்துக்கு முன்னால் அவனே நடந்தான். திரும்பி மச்சானைப் பார்க்கவில்லை. பெண்டாட்டியைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தான்.

மேடம் திருப்பிக் கொடுத்த ஹெட்போன் காவலன் கையில் இன்னும் பதறிக்கொண்டிருந்தது.

"நான் என்ன பண்ணட்டும்மா," என்றான். "அவன் செஞ்சதுக்கு…"

தங்கை அழவில்லை. ஜீப் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை நின்றாள்.

"யானை விழுந்த அன்னைக்கு அவரு ஊர்லயே இல்லண்ணே. மறுநாள்தான் வண்டியோட வந்தாரு."

முந்தானையிலிருந்து வலது கையை எடுத்து விரித்தாள். உள்ளங்கையின் குறுக்கே, கம்பி கனத்துக்கு, கறுப்பாக ஒரு கோடு வெந்திருந்தது.