முதல் பக்கமும் ஏழாம் பக்கமும்

‘சரவெடி’ வாரப் பத்திரிகையின் நிருபர் அஜந்தன் ஹுன்னஸ்கிரியவுக்கு பஸ் ஏறியது கிசுகிசு தேடித்தான். அரசியல் பிரமுகர் சந்திரபோஸின் ஜீப் சனிக்கிழமைதோறும் அங்கே ஒரு புது வீட்டு வாசலில் நிற்கிறதாம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவன் எடுத்த படத்தில், இடுப்பில் சாரம் கட்டிய சந்திரபோஸ் ஒரு பெண்ணின் சேலையைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தார்.

மஹய்யாவயில் இருந்த அலுவலகத்தில் ஆசிரியர் யுகேஷ் படத்தைப் பார்த்துத் துள்ளினார். “முதல் பக்கம்டா இது!”

அஜந்தனின் கண் சேலையைத் தாண்டிக் கூரைக்குப் போனது. படத்தைப் பெரிதாக்கினான். நீலத் தகரம். அதில் நிவாரண முத்திரை. புயலில் கூரை பறந்த தோட்டத் தொழிலாளர் லயங்களுக்கென்று வந்து, வழியிலேயே மாயமான தகரம்.

“அண்ணே, இந்தத் தகரத்தப் பத்தியும் எழுதுறேன்.”

“எழுது. ஏழாம் பக்கத்துல எடம் இருக்கு.”

அவன் லயம் லயமாக ஏறி இறங்கினான். தகரம் ஏற்றிய லொறிக்காரரைத் தேடிப் பிடித்துப் பேசவைத்தான். பத்திரிகை வந்தது. சேலையைப் பார்த்துச் சிரிக்க வாங்கியவர்கள் ஏழாம் பக்கத்தில் கொதித்துப்போனார்கள். தோட்டத்து மக்கள் வீதியில் இறங்கினார்கள். விசாரணை வந்தது. தகரங்கள் லயங்களுக்கே திரும்பின.

அடுத்த வருடம், ‘மலைச்சுடர்’ பத்திரிகையாளர் விருதுக்கு அஜந்தன் இரண்டு பக்கங்களையும் சேர்த்தே அனுப்பினான். நடுவர்கள் இருவர்: ஓய்வுபெற்ற நாளிதழ் ஆசிரியர் ஹபீல், பல்கலைக்கழகத்தில் ஊடகம் கற்பிக்கும் ஹிதாயா. கண்டி வாவிக்கரை ஹோட்டல் ஒன்றில் அவனை நேரில் அழைத்து விசாரித்தார்கள்.

ஹபீல் முதல் பக்கத்தை விரல்நுனியால் தள்ளினார். “நாப்பது வருஷம் பத்திரிகை நடத்தின மனுஷன் நான். வேலிக்குள்ள எட்டிப் பாக்கிறதுக்கெல்லாம் விருதா?”

“ஆனா ஹபீல் நானா, இந்தச் சேலைய யாரும் பாக்காம உட்டிருந்தா தகரம் கெடச்சிருக்குமா?” என்றார் ஹிதாயா. பிறகு அஜந்தன் பக்கம் திரும்பினார். “சரி, அந்தப் பொம்பள என்ன பாவம் செஞ்சா?”

அஜந்தனுக்கு முகம் சுருங்கியது. “ஒண்ணுமில்ல மெடம். ரெண்டு பேருமே துணைய இழந்தவங்க, கல்யாணம் பண்ணிக்க இருந்தாங்க. தகரம் திருட்டுத் தகரம்னு அந்தம்மாவுக்குத் தெரியாது. பொறகு போயி மன்னிப்புக் கேட்டேன். நல்லா ஏசினாங்க. ஏசி முடிச்சிட்டு டீ குடுத்தாங்க.”

ஹபீல் சிரித்துவிடாமல் மீசையைத் தடவினார்.

நடுவர்கள் இருவரும் மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை வாதாடினார்கள். கடைசியில் ஹபீல் முதல் பக்கத்தை எடுத்து மடித்துத் தன் பைக்குள் வைத்தார். “இதுக்கு விருது இல்ல. ஏழாம் பக்கத்துக்குக் குடுப்போம். அந்தப் படம் மேடையில காட்டப்படாது.”

“எனக்குச் சம்மதம்,” என்றார் ஹிதாயா.

விழாவன்று யுகேஷ் புதுச் சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்து, சேலைப் படத்தைத் தானே எடுத்த மாதிரி எல்லோருக்கும் கைகொடுத்தார். புசல்லாவையிலிருந்து வந்திருந்த அஜந்தனின் அம்மா ரத்தினம்மா அவன் பெயரை வாசிக்கும் முன்னமே கைதட்டத் தொடங்கிவிட்டார்.

கேடயத்தைக் கொடுத்த ஹபீல் அவன் காதருகே குனிந்தார்.

“தம்பி, அதுங்க ரெண்டும் கலியாணம் முடிச்சிட்டாங்களா?”

“இல்ல சேர். தகர விசயம் தெரிஞ்சதும் அந்தம்மா அவர வாசல்லயே நிப்பாட்டிட்டாங்க.”

“அல்லாஹ்! பொறகு?”

ஒலிவாங்கி திறந்தே இருந்தது. மண்டபம் முழுக்கச் சிரித்தது. மேடையோரம் நின்ற ஹிதாயா, வாய்விட்டுச் சிரித்தபடி, முதல் ஆளாகக் கைதட்டினார்.