நாற்பதாவது நிமிடம்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. அடுத்து சக்கரத்தைக் கண்டுபிடித்தது. மூன்றாவதாக, எங்கள் ஊரிலிருந்து தீவுக்கு மலிவுக் கட்டண விமானம் விடப்பட்டது. விமான கம்பெனியின் சேர்மன் துவக்க விழா மேடையில் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் பேசினார். இனிமேல் வானம் பணக்காரர்களின் சொத்து இல்லை என்றும் அறிவித்தார். அந்த வானத்துக்குள் ஏழு கிலோவுக்கு மேல் கைப்பை கொண்டுபோகக் கூடாது, தண்ணீர் கேட்டால் தனிக்காசு, ஜன்னலோரம் கேட்டால் தனிக்காசு என்பதையெல்லாம் அவர் சொல்லவில்லை. அவை டிக்கெட்டின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்தது போல அச்சாகியிருந்தன. பேச்சு நீண்டதில் முதல் விமானம் ஐம்பது நிமிடம் பிந்திக் கிளம்பியது. விழா என்பதால் யாரும் அதைத் தாமதம் என்று சொல்லவில்லை.

அத்தனை பேரும் கைதட்டும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரே ஆள் நாற்பது. அது அவர் வயது அல்ல, பட்டப்பெயர். வயது ஐம்பத்தாறு. செக்-இன் கவுண்ட்டர்களுக்கு அவர்தான் சூப்பர்வைசர். விமானம் புறப்பட நாற்பது நிமிடம் இருக்கும்போது கவுண்ட்டரை மூட வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் அதை ஏறக்குறைய கடைப்பிடித்தார்கள். இவர் கடைப்பிடித்தார். முப்பத்தொன்பதாவது நிமிடத்தில் வந்த மாப்பிள்ளைகள், வக்கீல்கள், அழுகிற குழந்தையைக் காட்டிய அம்மாக்கள் என்று எல்லோரும் இவர் முன்னால் நின்று திரும்பிப் போயிருக்கிறார்கள். ஒருமுறை கம்பெனி டைரக்டர் ஒருவரையே திருப்பி அனுப்பினார். அதற்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அத்தோடு பதவி உயர்வும் நின்றுபோனது.

இருபத்திரண்டு வருடம் விமான நிலையத்தில் வேலை பார்த்தும் அவர் ஒருமுறைகூட விமானத்தில் ஏறியதில்லை. பயணிகள் ஏறுகிற கேட் மாடியில் இருந்தது. அது வேறு பிரிவு, வேறு மேனேஜர், வேறு சண்டை. அவரைப் பொறுத்தவரை கவுண்ட்டரை மூடினால் அந்த விமானத்தின் கதை முடிந்தது. அதற்கப்புறம் அது பறந்தாலும் சரி, ரோட்டில் உருண்டு போனாலும் சரி.

"மாமா, நீங்க ஏர்போர்ட்ல வேலை பாக்கறீங்களா, இல்ல ஏர்போர்ட் வாசல்ல வேலை பாக்கறீங்களா?" என்று அவருடைய மைத்துனன் கேட்பான். மனைவியின் தம்பி என்பதால் அவனுக்கு அந்த உரிமை இருந்தது.

மனைவி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவள். போன வருடம் ஒரு கட்டி வந்தது. ஆறு சுற்று சிகிச்சை என்றார்கள். நான்காவது முடிந்ததும் உடம்பு தேறட்டும் என்று மூன்று வாரம் இடைவெளி கொடுத்தார்கள். அதைச் சொல்லும்போது டாக்டர் ஃபைலைப் பார்த்துக்கொண்டே, "எங்கேயாவது போய்ட்டு வரணும்னு ஆசை இருந்தா, இந்த மூணு வாரத்துல போய்ட்டு வந்துடுங்க" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது இருவருக்கும் அந்த வாக்கியம் புரிந்தது. புரிந்ததாக இருவரும் காட்டிக்கொள்ளவில்லை.

எங்கே போகலாம் என்று அவர் கேட்டதற்கு அவள் சமையலறைச் சுவரைக் காட்டினாள். அங்கே கம்பெனி காலண்டர் தொங்கியது. தீவுக் கடற்கரையில் இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிய வலை ஊஞ்சலில், பெரிய தொப்பி வைத்த ஒருத்தி படுத்திருந்தாள்.

"அந்தப் பொம்பள ஆறு மாசமா எழுந்திருக்கவே இல்ல. போய் என்ன ஏதுன்னு விசாரிச்சுட்டு வரலாம்."

விடுமுறைக் காலம், டிக்கெட்டெல்லாம் எப்போதோ விற்றுத் தீர்ந்திருந்தது. ஊழியர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை ஜோடியாகப் போய்வர பாஸ் உண்டு. ஆனால் இடம் மிஞ்சினால்தான் செல்லும். கவுண்ட்டர் மூடும்போது இருக்கை காலியாக இருந்தால் போகலாம், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். தீவுக்கு வாரத்தில் இரண்டு விமானம். மூன்று வாரத்துக்கு ஆறு.

மைத்துனன் அக்காவுக்கு ஒரு தொப்பி வாங்கி வந்தான், காலண்டர்க்காரி வைத்திருந்த மாதிரியே. சிகிச்சையில் முடியெல்லாம் கொட்டிவிட்டதால் அது அளவாகப் பொருந்தியது. பைக்குள் வைத்தால் நசுங்கும் என்று அவள் அதைத் தலையில் வைத்துக்கொண்டே பஸ் ஏறினாள். பையைச் சமையலறைத் தராசில் வைத்துத் துண்டு துண்டாக எடை போட்டிருந்தார் நாற்பது. ஆறு கிலோ தொள்ளாயிரம்.

முதல் நாள் இடமில்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது முறையும் இல்லை. ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து அவள் பையைப் பிரிக்காமல் அப்படியே கதவோரம் வைத்தாள். "தீவு எப்படி இருந்துச்சு?" என்று பக்கத்து வீட்டில் கேட்டபோது, "ஏர்போர்ட் வரைக்கும் நல்லா இருந்துச்சு" என்றாள்.

முதல் நான்கு தடவையும் கவுண்ட்டரில் வேலை பார்த்துக்கொண்டே காத்திருந்தவர், ஐந்தாவது விமானத்தன்று லீவு போட்டிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்றார். அந்தப் பக்கம், அவருக்குக் கீழே எட்டு வருடமாக வேலை பார்க்கும் பெண் உட்கார்ந்திருந்தாள். மனைவி தொப்பியோடு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில்.

"சார், ரெண்டு சீட் இருக்கு" என்றாள் அந்தப் பெண், குரலைத் தாழ்த்தி. "இருபத்தேழு ஏ, பி. அக்காவுக்கு ஜன்னலோரம். ரெண்டு பேர் இன்னும் வரல. இனி எங்க வரப்போறாங்க. போட்டுடட்டுமா?"

நாற்பது கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பத்தைந்து நிமிடம் இருந்தது.

"நாப்பது ஆகட்டும்மா."

"அஞ்சு நிமிஷம்தானே சார்."

"அஞ்சு நிமிஷம்தானேன்னுதான் எல்லாரும் சொல்றாங்க."

நாற்பத்திரண்டு ஆனபோது மனைவி பையின் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு எழுந்து நின்றாள். நாற்பத்தொன்று ஆனபோது ஒரு ஜோடி வந்தது. ஓடிக்கூட வரவில்லை. ஆளுக்கொரு ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு நடந்து வந்தது.

கவுண்ட்டரில் இருந்த பெண் நாற்பதைப் பார்த்தாள். ஒரு வார்த்தை வேண்டாம், தலையை லேசாக ஆட்டியிருந்தால் போதும். அவள் கம்ப்யூட்டர் பழுது என்று சொல்லி ஒரு நிமிடத்தைத் தின்றிருப்பாள். அவர் ஆட்டவில்லை. கயிற்றை விலக்கி அவர்களுக்கு வழி விட்டார். பழக்கதோஷத்தில் அவர்களுடைய பெட்டியையும் தூக்கித் தராசில் வைத்தார். பதினான்கு கிலோ. பெட்டி பெல்ட்டில் ஏறி உள்ளே போனது. கடிகாரம் நாற்பதைத் தொட்டது. கவுண்ட்டர் மூடிவிட்டது என்ற பலகையை அந்தப் பெண் எடுத்து வைத்தாள்.

"போயிடாதீங்க சார். மேல கேட்ல சொல்லி வைக்கறேன். கதவு சாத்தற வரைக்கும் இங்கயே இருங்க. சில சமயம்..."

"கவுண்ட்டர் மூடினா மூடினதுதான். இருபத்திரண்டு வருஷமா ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, இன்னைக்கு எனக்குன்னு மாத்திச் சொல்லவா?"

"ஏங்க, கொஞ்ச நேரம் உக்காந்துதான் பாப்பமே" என்றாள் மனைவி.

"அதெல்லாம் வேலைக்காகாது. வா."

எதையும் இரண்டாவது முறை கேட்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. பையை எடுத்துக்கொண்டாள்.

பஸ் நிறுத்தம் விமான நிலைய வேலியை ஒட்டி இருந்தது. வந்த பஸ்ஸில் அவள் ஏறவில்லை. ஏறத்தான் முடியவில்லை, போவதையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள். பதினொன்று இருபதுக்குக் கிளம்ப வேண்டிய விமானம் பதினொன்று முப்பத்தாறுக்குத் தலைக்கு மேலே வந்தது.

"பதினாறு நிமிஷம் லேட்டு" என்றார் அவர் எரிச்சலோடு. "நாம கரெக்டா மூடி என்ன பிரயோஜனம்? மேல இருக்கறவங்க லட்சணம் அப்படி."

அவள் ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "நம்ம ஜன்னல் எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்தான். ரெக்கைக்குப் பின்னாடி."

அவள் இன்னொரு கையைத் தூக்கி அந்த ஜன்னலுக்கு ஆட்டினாள். "அந்த ஐஸ்கிரீம் பொண்ணு உக்காந்திருக்கும். நல்லா வேடிக்கை பாக்கட்டும், பாவம், சின்ன வயசு."

ஆறாவது விமானத்தன்று அவளுக்குக் காய்ச்சல். ஐந்தாவது சுற்று சிகிச்சை நடந்தது. ஆறாவது தேவைப்படவில்லை.

கம்பெனி இரங்கல் தெரிவித்து மின்னஞ்சல் அனுப்பியது. அவளுடைய பிரிவு நிறுவனக் குடும்பத்துக்கே பேரிழப்பு என்று சேர்மன் பெயரில் எழுதியிருந்தது. எல்லா மின்னஞ்சலுக்கும் அடியில் தானாக வந்து ஒட்டிக்கொள்கிற விளம்பரம் இதற்கும் அடியில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வலை ஊஞ்சல், தொப்பி, கடல் உங்களைக் கூப்பிடுகிறது. மைத்துனன் அதைப் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தான். வீட்டில் தொப்பி காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்தது. அதை அவன் கேட்கவுமில்லை, இவர் கொடுக்கவுமில்லை.

இரண்டு மாதம் கழித்து நாற்பது வேலைக்குத் திரும்பினார். மேஜையில் காகிதம் குவிந்திருந்தது. தாமதமான விமானங்களுக்குக் காரணம் எழுதி மாதாமாதம் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் அறிக்கைக்கு அவர் கையெழுத்து வேண்டும். எல்லா மாதமும் இருந்தது, அவர்கள் தீவுக்குப் போக முயன்ற அந்த ஒரு மாதத்தைத் தவிர. கேட்டார். கவுண்ட்டர் பெண் ஒரு டிராயரைத் திறந்து, பிறகு மூடினாள்.

"அதை நானே போட்டு அனுப்பிடறேன் சார்."

"என் கவுண்ட்டரு, என் கையெழுத்து. குடும்மா."

கொடுத்துவிட்டு அவள் டீ வாங்கி வருவதாகச் சொல்லி எழுந்து போனாள். அவர் வரிவரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தார். தீவு விமானம். புறப்பட வேண்டிய நேரம் பதினொன்று இருபது. புறப்பட்ட நேரம் பதினொன்று முப்பத்தாறு. காரணம்: செக்-இன் செய்த இரண்டு பயணிகள் வாசனைத் திரவியக் கடையில் இருந்ததால் கேட்டுக்கு வரவில்லை. மூன்று முறை அழைக்கப்பட்டது. கதவு மூடப்பட்டது. அவர்களுடைய பதினான்கு கிலோ பெட்டி இறக்கப்பட்டது.

நேரங்களைக் கழித்துப் பார்த்தார். பதினாறு சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

இருபத்தேழு ஏ, பி இரண்டும் காலியாகப் போயின.